உள்ளே போகும் காற்று

முதலில் அதைக் கேட்டது உம்மாதான்.

"மனே, இந்தக் காருக்குள்ள பாம்பு ஏதும் பூந்து கெடக்கா? ஸ்ஸ்... எண்டு சீறுதே" என்று பின் ஆசனத்திலிருந்து கேட்டா. நான் எஞ்சினை ஓடவிட்டபடி கேற்றைத் திறக்க இறங்கிய நேரம் அது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. வகுப்பறைச் சத்தத்தில் இருபது வருடம் குடியிருந்த காது. "ஒண்டுமில்ல உம்மா, பழைய வண்டிதானே" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன்.

உம்மாவுக்கு எழுபத்தாறு வயது. ஒரு கண்ணில் சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது; மற்றதில் இன்னும் வெள்ளை படர்ந்திருக்கிறது. கண் விட்ட இடத்தைக் காது பிடித்துக் கொண்டது போலும். சுபஹுக்குப் பாங்கு சொல்ல முன்னர் மோதினார் ஒலிவாங்கியில் தொண்டையைச் செருமுவாரே, அந்தச் செருமலிலேயே எழும்பிவிடுவா. அப்படிப்பட்டவ சொன்னதை நான் தட்டிவிட்டது முதற் பிழை.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். டொயோட்டா கொரோலா, ஊரில் எல்லோரும் டீஎக்ஸ் வாகன் என்று அழைக்கும் சாதி. எண்பதுகளின் ஆக்கம். உள்ளே 4கே எஞ்சின், 1,290 சீசீ, கார்பரேட்டர் வைத்தது. கணினி கிடையாது, சென்சர் கிடையாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் இந்தக் கிழட்டு வண்டிகளுக்கெல்லாம் மாப்பிள்ளை விலை வந்துவிட்டது. நான் வாங்கியது அதற்கு முன்னர், ஆசிரியர் கடன் எடுத்து. 2022இல் பெற்றோலுக்கு வரிசை நின்ற மாதங்களில் வண்டி கொட்டிலில் அசையாமல் கிடந்தது. அந்த நாட்களில் கோழிகள் அதன் கீழ் முட்டையிட்டன. அதன் பிறகு அது ஓடியதே பெரிய காரியம் என்று நினைத்ததால், சின்னச் சின்னச் சத்தங்களை நான் கணக்கெடுப்பதில்லை.

ஆனால் ஒரு கிழமையில் எனக்கும் கேட்கத் தொடங்கிற்று. ஐட்லில் நிற்கும்போது மட்டும், போனட்டுக்குள்ளிருந்து, பல்லிடுக்கால் காற்றை இழுப்பது போன்ற மெல்லிய சீறல். எஞ்சினும் ஒரு சீராக நிற்கவில்லை. இருமுவது போல ஒரு குலுக்கல். அக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் மறைந்துவிடும். காலை எடுத்தால் திரும்பி வரும்.

நகரத்துக் கராஜ் ஒன்றுக்குக் கொண்டு போனேன். எந்தக் கராஜ் என்பது வேண்டாம்; நல்ல மனிதர்கள், தேநீரும் தந்தார்கள். பாஸ் போனட்டைத் திறந்து, குனிந்து, அக்சிலேட்டர் கம்பியைக் கையால் இழுத்து இழுத்துக் கேட்டார். இழுக்கும்போதெல்லாம் சத்தம் ஒளிந்து கொண்டது. பல்வலி என்று போனால் வைத்தியரைக் கண்டதும் வலி நின்றுவிடுமே, அதுபோல. "சீறுதெண்டா ஆவிதான் மாஸ்டர்" என்று ரேடியேட்டர் மூடியை மாற்றினார். சத்தம் போகவில்லை. அடுத்த முறை சைலன்சர் பக்கத்துக் கேஸ்கட் என்றார், அதையும் மாற்றினோம். மூன்றாம் முறை கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி, ஐட்ல் ஆணியைச் சற்றுத் திருகி, பெற்றோலையும் கொஞ்சம் கூட்டி வைத்தார். குலுக்கல் அடங்கியது. சீறல் அப்படியே இருந்தது. அதற்கு மேல் பெற்றோல் மணமும் சேர்ந்தது. மூன்று தடவைக்கும் சேர்த்துப் பதினெட்டாயிரம் ரூபா போயிற்று. காசை விட எனக்கு எரிச்சலாயிருந்தது, அவர் ஒரு தடவையும் எஞ்சினைச் சும்மா ஐட்லில் ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, இரண்டு நிமிடம் கேட்கவில்லை என்பதுதான். பிள்ளை பதில் சொல்லி முடிக்க முன்னர் பிழை போடும் ஆசிரியர்களைப் பற்றி இந்த இடத்தில் நான் அதிகம் பேசாமலிருப்பது நல்லது.

உம்மாவுக்கு மாதம் ஒரு தடவை அம்பாறையில் கிளினிக். காரைதீவுச் சந்தியால் திரும்பி, சம்மாந்துறை கடந்து, இருபக்கமும் வயல் விரியும் பாதை. அறுவடை முடிந்த காலங்களில் மாடுகள் தாமாகவே போக்குவரத்துப் பொலிசாராகிவிடும் பாதையும் அதுதான். அன்று ஒரு தாய்ப்பசு கடந்து போயிற்று. பிரேக்கைத் தொட்டேன், வேகம் குறைந்தது. பசு போய்விட்டதென்று காலை எடுத்த கணம், பின்னாலிருந்து கன்று பாய்ந்தது. மறுபடி மிதித்தேன். பெடல் கல்லாக இருந்தது.

கல் என்றால் கல்தான். இரண்டு கால்களையும் சேர்த்து, ஆசனத்தில் முதுகை முட்டுக்கொடுத்து மிதித்தேன். வண்டி ஊர்ந்து ஊர்ந்து போய் நின்றபோது, கன்றின் வாலுக்கும் பம்பருக்கும் இடையில் ஒரு சாண் இருந்திருக்கும். அது திரும்பி எங்களைப் பார்த்துவிட்டுத் தாயிடம் ஓடிற்று. உம்மா எதுவும் காணவில்லை. ஆசனத்தோடு மோதிய நெற்றியைத் தடவிக்கொண்டு, "யா அல்லாஹ்" என்று மட்டும் சொன்னா. பிறகு அமைதியில், எஞ்சின் ஐட்லில் நிற்க, "பாம்பு இன்னும் சீறுது மனே" என்றா.

அன்று இருபது கிலோமீற்றர் வேகத்தில் வீடு வந்து சேர்ந்தேன்.

எங்கள் ஊர்க் கடைசியில், கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில், தகரக் கூரை போட்ட ஒரு சிறு கராஜ் இருக்கிறது. அதை நடத்துபவன் என் மாணவன். இவ்வளவு கிட்ட இருந்தும் நான் ஏன் அங்கே போகவில்லை என்று வாசகர் கேட்கலாம். அவனிடம் போவதற்கு எனக்குக் கூச்சமாயிருந்தது. ஏனென்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து வந்து, கையில் சுண்ணக்கட்டியும் மண்டை நிறைய கற்பித்தல் முறைகளுமாக நின்ற காலம். 2011 என்று நினைவு. தரம் 8 விஞ்ஞானம், வளிமண்டல அமுக்கம். ஒரு கிளாசில் தண்ணீரை நிரப்பி, மேலே ஒரு காட்டை மூடி, தலைகீழாகக் கவிழ்த்துக் கையை எடுத்தால் தண்ணீர் விழாது. கீழிருந்து காற்று தாங்கிக் கொள்கிறது. கலாசாலையில் எங்கள் விரிவுரையாளர் செய்து காட்டியபோது நானே கைதட்டியவன். நான் கிளாசை நிரப்பிக் கொண்டிருக்கும்போது பின் வாங்கிலிருந்து அவன் எழும்பினான்.

"சேர், அப்ப ஸ்ட்ரோவால குடிக்கக்குள்ள நாம இழுக்கிறமா, காத்துத் தள்ளுதா?"

கேட்டதோடு நிற்காமல், ஸ்ட்ரோவால் அடிவரை உறிஞ்சும்போது வரும் சத்தத்தை வாயால் செய்தும் காட்டினான். வகுப்பு உருண்டு சிரித்தது. அவன் எப்போதும் வாயால் சத்தம் செய்பவன்; மோட்டார் சைக்கிள், லொறி, உழவு இயந்திரம் என்று எல்லாம் அவன் தொண்டையில் இருக்கும். பகிடி பண்ணுகிறான் என்று நினைத்தேன். உண்மையில் அந்தக் கேள்விக்கு அந்தக் கணம் எனக்கு விடை ஓடவில்லை என்பதும் ஒரு காரணம். "வெளிய போய் நில்லு" என்றேன். மணி அடிக்கும்வரை வேப்பமரத்தடியில் நின்றான்.

அதனால்தான் அவன் படிப்பை விட்டான் என்று சொல்ல மாட்டேன். அவ்வளவு பெரிய ஆளாக என்னை நான் நினைத்துக் கொள்ளவும் கூடாது. வாப்பா தோணிக்குப் போகிறவர், வீட்டில் ஐந்து பிள்ளைகள். தரம் 10இல் ஒரு நாள் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. அப்போது நான் அவனது வகுப்பாசிரியர். இடைவிலகிய பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. நான் போகவில்லை. சில மாதம் பார்த்துவிட்டு, வரவு இடாப்பில் அவனது பெயரின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு கீறினேன். அடிமட்டம் வைத்து நேராகத்தான் கீறினேன்.

கன்றின் வாலைக் கண்ட மறுநாள் அஸருக்குப் பின்னர் வண்டியை அவனிடம் மெதுவாக ஓட்டிப் போனேன்.

"வாங்க சேர்" என்று கையைத் துடைத்துக் கொண்டு வந்தான். சுவரில் கஃபாவின் படம் போட்ட கலண்டரும், அதற்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறையிட்ட என்.வி.கியூ. சான்றிதழும் தொங்கின. நான் எல்லாவற்றையும் சொன்னேன்: சீறல், ரேடியேட்டர் மூடி, கேஸ்கட், பெற்றோல் மணம், மாடு. அவன் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"பிரேக்க மிதிக்கக்குள்ள சத்தம் கூடுதா குறையுதா சேர்?"

நான் அதைக் கவனித்ததே இல்லை.

பிறகு அவன் செய்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பழைய வண்டி வைத்திருக்கும் யாருக்காவது பயன்படும். முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டு, பிரேக்கை ஐந்தாறு தடவை மிதிக்கச் சொன்னான். பெடல் இறுகிற்று. "காலை எடுக்காம, அழுத்திப் புடிச்சிக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க." செய்தேன். "கால் கீழ போகுதா?" போகவில்லை. நல்ல வண்டியென்றால் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பெடல் தானாகச் சற்று இறங்க வேண்டுமாம். பிரேக்கின் பின்னாலுள்ள பூஸ்டர் என்ற அந்தப் பெரிய கறுப்புத் தட்டம் உதவிக்கு வருகிறதென்பதற்கு அது அடையாளம். எனக்கு உதவி வரவில்லை.

பிறகு எஞ்சினை ஐட்லில் விட்டான். அக்சிலேட்டரைத் தொடவேயில்லை. மீன் தொட்டிக்குப் போடும் ஒரு மீற்றர் அளவான டியூப்பை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை வைத்தியரின் கருவி போல எஞ்சினின் மேல் மெல்ல நகர்த்தினான். "ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் கிட்ட மட்டும் கொண்டு போகப்படாது சேர், டியூப்போட காதையும் இழுத்துரும்." அப்படி நகர்த்திக் கொண்டே பேசினான். சீறல் எல்லாம் ஒன்றல்ல. ஆவிச் சீறலென்றால் எஞ்சின் சூடேறிய பிறகு வரும், நிறுத்தின பிறகும் கேட்கும், எங்காவது ஈரம் இருக்கும். சைலன்சர் பக்கம் ஒழுகினால் சீறாது. புஸ், புஸ் என்று தாளம் தட்டும், காலைக் குளிரில் கூடக் கேட்கும். பெல்ட் என்றால் எஞ்சினின் வேகத்தோடு சத்தமும் ஏறும். "இது எஞ்சின் ஓடக்குள்ள மட்டும் வருது, ஐட்லில கூடவா வருது, முறுக்கினா ஒளியுது. அப்ப இது காத்து."

"எங்கயோ காத்து வெளிய போகுது, அப்படித்தானே?" என்றேன்.

அவன் டியூப்பைக் காதிலிருந்து எடுத்தான். "வெளிய போகல்ல சேர். உள்ளுக்குப் போகுது."

நான் நின்றுவிட்டேன். இருபது வருடமாக வளிமண்டல அமுக்கம் கற்பித்தவன் நான். சீறல் என்றால் எதுவோ வெளியேறுகிறது என்றே என் புத்தி எடுத்துக்கொண்டது. டயரில் ஆணி ஏறினால் அப்படி, குக்கரில் அப்படி, பாம்பில் அப்படி. ஐட்லில் நிற்கும்போது கார்பரேட்டரின் கதவு ஏறத்தாழ மூடியிருக்கும். நான்கு பிஸ்டன்களும் மாறி மாறிக் கீழிறங்கிக் காற்றுக் கேட்கும், வழியோ அடைத்திருக்கிறது. ஆகவே மெனிபோல்ட் என்ற அந்தக் குழாய்க் கூட்டுக்குள் காற்று மெலிந்துவிடுகிறது. வெளியே 760 மில்லிமீற்றர் இரசம் என்று ரொறிசெல்லியின் பெயரைச் சொல்லிக் கரும்பலகையில் எழுதுகிறோமே, நல்ல எஞ்சினில் ஐட்லில் உள்ளே அதைவிட 430 முதல் 530 வரை குறைவாக இருக்கும். மூன்றில் இரண்டு பங்கு வெறுமை. அந்த வெறுமையின் பலத்தைக் கொண்டுதான் பூஸ்டரும் வேலை செய்கிறது: நடுவில் ஓர் இறப்பர்த் தகடு, ஒரு பக்கம் வெறுமை, காலை வைத்ததும் மறுபக்கம் வெளிக்காற்று வந்து தள்ளுகிறது. என் உம்மாவை ஏற்றிய வண்டியை இத்தனை வருடம் நிறுத்தி வந்தது என் காலில்லை, பெரும்பாலும் வளிமண்டலம். அக்சிலேட்டரை மிதித்தால் கதவு திறந்து வெறுமை குறைகிறது, சீறலும் அடங்குகிறது. நகரத்துப் பாஸ் கம்பியை இழுத்து இழுத்துத் தேடிய சத்தத்தைத் தானே அணைத்துக் கொண்டிருந்தார்.

மெனிபோல்ட் எஞ்சினோடு சேரும் விளிம்பில் அவன் சவர்க்கார நுரையைத் தூரிகையால் பூசினான். சைக்கிள் டியூப்புக்கு நாம் செய்வதுதான். ஆனால் இங்கே குமிழி வருகிறதா என்று பார்ப்பதில்லை. நுரை உள்ளே உறிஞ்சப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். உறிஞ்சவில்லை. சிலர் இதற்குப் பெற்றோல் தெளித்துப் பார்ப்பார்களாம். இந்த எஞ்சினில் சைலன்சர் பக்கத்துச் சூடான குழாயும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. "அது மவுத்தைக் கூப்பிடுற வேலை சேர்" என்றான்.

அடுத்து, குறட்டின் வாயில் துணி சுற்றி, இறப்பர்க் குழாய்களை ஒவ்வொன்றாக மெல்ல நசுக்கினான். மெல்லிய குழாய், மாற்றமில்லை. இரண்டாவது, இல்லை. மெனிபோல்டிலிருந்து பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாயை, மெனிபோல்ட் முனைக்கு மிகக் கிட்ட வைத்து நசுக்கியதும் சீறல் பட்டென்று நின்றது. எஞ்சினின் ஓசையும் மாறிற்று. உம்மா இருந்திருந்தால் பாம்பு செத்தது என்றிருப்பா.

கிளிப்பைக் கழற்றி, குழாயைப் புரட்டிக் காட்டினான். மேலே பார்த்தால் பழுதில்லை. கீழ்ப்புறம், சூடு படும் பக்கம், பாகற்காய்த் தோல் போல வெடித்திருந்தது. வளைத்தால் வாய் திறந்தது. ஒரு வெடிப்பில் என் சுண்டு விரல் நகம் நுழைந்தது.

"சேர்" என்றான், குழாயை வளைத்தபடி. "எட்டாம் வகுப்புல கிளாசையும் காட்டையும் கவுத்துக் காட்டினீங்களே. அதுதான் சேர் இது."

எனக்கு முகம் சூடாயிற்று. "நீ அண்டைக்கு..." என்று தொடங்கினேன்.

"நான் வேப்பமரத்துக்குக் கீழதானே நிண்டன். ஜன்னலால பார்த்தன். தண்ணி விழல்ல."

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் குத்தல் ஏதும் இருந்ததா என்று தேடினேன். காணவில்லை, அவன் குழாயின் தடிப்பை அளந்து கொண்டிருந்தான். இருந்திருந்தால் எனக்கு இலேசாயிருந்திருக்கும். நான் மறுபடி வாயெடுத்தேன், அந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றியும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று. அவன் உதிரிப்பாகக் கடைக்குப் போக மோட்டார் சைக்கிளை உதைத்துவிட்டான்.

அரை மணித்தியாலத்தில் புதிய குழாயோடு வந்தான். தண்ணீர்க் குழாயோ சாதாரண இறப்பரோ இதற்கு ஆகாதாம். உள் வெறுமைக்குச் சப்பளிந்து ஒட்டிக்கொள்ளும், பெற்றோல் ஆவியில் ஊறிப் பழுதாகும். பூஸ்டருக்கென்றே செய்த குழாய்தான் போட வேண்டும். நடுவில் ஒரு வழி வால்வு ஒன்று இருக்கிறது. அதை வாயில் வைத்து ஊதிப் பார்த்தான். ஒரு திசையில் போயிற்று, மறு திசையில் போகவில்லை. அம்புக்குறி எஞ்சினைப் பார்க்க வைத்துப் பூட்டினான். பிறகு நகரத்தில் கூட்டி வைத்த ஐட்ல் ஆணியையும் பெற்றோலையும் பழைய இடத்துக்குக் கொண்டு வந்தான். ஓட்டையை மறைக்கத்தானே அதெல்லாம் கூட்டப்பட்டிருந்தது.

"இப்ப மிதிச்சுப் புடிச்சிக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க சேர்."

பெடல் என் பாதத்தின் கீழ் மெல்ல இறங்கிற்று, யாரோ மறுபக்கத்திலிருந்து பிடித்து இழுத்தது போல. இல்லை, தள்ளியது போல.

நான் இறங்கி அவன் பக்கத்தில் நின்று சொன்னேன்: "தம்பி, அண்டைக்கு நீ கேட்ட கேள்வி நல்ல கேள்வி. எனக்குத்தான் விடை தெரியல்ல." அவன் சிரித்து, "எந்தக் கேள்வி சேர்?" என்றான். மறந்துவிட்டானா, மறந்ததாகச் சொன்னானா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. குழாய்க்கும் கிளிப்புகளுக்கும் மூவாயிரத்து இருநூறு, கூலி ஆயிரத்து ஐந்நூறு. சேர் என்பதற்காகக் கூலியை விடாமல் எடுத்துக் கொண்டான். அதில் எனக்குப் பெரிய ஆறுதல்.

அந்த வெடித்த குழாயைக் கேட்டு வாங்கி வந்து பாடசாலைக்குக் கொண்டு போனேன். கிளாசும் காட்டும் முடிந்ததும் அதைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தேன். வகுப்பு முழுக்கப் பெற்றோல் மணத்தது. மாட்டின் கதையையும் சொன்னேன். பிறகு முன் வாங்கில் ஒரு பெண் பிள்ளை கையை உயர்த்தினாள்.

"சேர், எங்கட வாப்பாட வேன் டீசல். அதுலயும் இப்படித்தானா?"

"ஓம், எல்லா எஞ்சினும் ஒண்டுதான்" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அன்று மஃரிபுக்குப் பின்னரும் அது எனக்குச் சமிக்கவில்லை. அவனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"இல்ல சேர், டீசலுக்கு கார்பரேட்டர்ல இரிக்கிற மாதிரி காத்துக்குக் கதவு இல்லயே. மெனிபோல்டுல அந்த வெறுமை வராது. அதுக்கு வேற பம்ப் இரிக்கி. வேன்ல கூட அல்டர்னேட்டருக்குப் பின்னால பார்க்கச் சொல்லுங்க."

மறுநாள் முதலாம் பாடவேளையில், நேற்று நான் சொன்னது பிழை என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு, கரும்பலகையில் அல்டர்னேட்டரைக் கீறத் தொடங்கினேன்.